கமாரோவுக்குப் பின்பட்டை மாற்றிய கதை

மிச்சிகனில் பழைய கார் வைத்திருப்பவனுக்கு அது வருஷத்தில் ஆறு மாதம்தான் சொந்தம். மீதி ஆறு மாதம் சாலையில் உப்பு கிடக்கும், வண்டி கராஜில் போர்வை போர்த்திக்கொண்டு கிடக்கும். என்னுடைய 1967 செவர்லே கமாரோவும் அப்படித்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஓஹையோவில் ஒரு பண்ணைக் கொட்டகையிலிருந்து வாங்கி வந்தேன். கதவின் முன்பக்கம் குட்டி முக்கோணக் கண்ணாடி இருக்கும் முதல் வருஷ மாடல். அடுத்த வருஷமே அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டார்கள். நான் வாங்கியதற்குக் காரணம் அந்தக் கண்ணாடிதான் என்று சொன்னால் வீட்டில் இன்றும் நம்புவதில்லை.

தொழிற்சாலையை விட்டு வந்தபோது இதில் இருந்தது 327 கன இன்ச் எஞ்சின், 210 குதிரைசக்தி, இரண்டே கியர் கொண்ட பவர்கிளைடு ஆட்டோமேட்டிக். எனக்கு முன்னால் வைத்திருந்த யாரோ ஒரு புண்ணியவான் அதையெல்லாம் கழற்றிவிட்டு, நன்றாக உசுப்பேற்றிய 350 எஞ்சினையும் நாலு கியர் பெட்டியையும் மாட்டியிருந்தார். முன்னால் காசைக் கொட்டியவர் பின்பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. எஞ்சின் மாறியது, கியர் மாறியது, பின்சக்கரப் பக்கம் வண்டியைத் தாங்கும் வளைந்த இரும்புப் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மட்டும் 1967-லேயே நின்றுவிட்டது.

அதன் பலன் சிக்னலில் தெரிந்தது. சாதுவாகக் கிளம்பினால் ஒன்றும் இல்லை. கொஞ்சம் அழுத்தி கிளட்சை விட்டால் பின்பக்கம் தடதடதடவென்று குதிக்கும். யாரோ டிக்கிக்குள் உட்கார்ந்து சம்மட்டியால் தரையை இடிப்பதுபோல. டயர் வழுக்கினால் கீச்சென்று ஒரே சீராகச் சத்தம் வரும், அது வேறு. இது பிடித்து, விட்டு, பிடித்து, விட்டு ஆடுகிற ஆட்டம். இரண்டு முறை அனுபவித்த பிறகு, புரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டான யு.ஜே. கிராஸ் எப்போது உடையுமோ என்ற பயத்தில் நான் கிழவனைப் போலத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இங்கே நான் செய்த முதல் தப்பு. வண்டியின் பின்பக்கம் தொங்கியிருந்தது கண்ணுக்கே தெரிந்தது. இடதுபக்கம் வலதைவிட ஒரு இன்ச் தாழ்வு. ஐம்பது வருஷம் சுமந்த பட்டை, தொய்ந்துவிட்டது, அதனால்தான் குதிக்கிறது என்று நானாகவே முடிவு கட்டினேன். காற்று அடைக்கும் ஷாக் அப்சார்பர் இரண்டை வாங்கி மாட்டினேன். சைக்கிள் டியூப் மாதிரி காற்றடித்தால் பின்பக்கம் எழும்பி நிற்கும். எழும்பி நின்றது, பார்க்க அழகாகவும் இருந்தது. குதிப்பது மட்டும் நிற்கவில்லை, கூடியதுபோலவே தோன்றியது. அதோடு இன்னொரு வினையும் உண்டு. ஷாக்கின் மேல்முனையைப் பிடித்திருக்கும் தகடு, ஆட்டத்தை அடக்குவதற்காகச் செய்தது. வண்டியின் எடையைத் தாங்கச் செய்ததல்ல. எடையை அதன் மேல் ஏற்றினால் ஒருநாள் தகடு கிழியும். இரண்டு வாரத்தில் காற்றை இறக்கிவிட்டேன். அந்த ஷாக் இரண்டும் அலமாரியில் இருக்கின்றன, யாருக்காவது வேண்டுமா என்று கேட்கக்கூட மனசு வரவில்லை.

நாமக்கல்லில் என் மாமா முப்பது வருஷம் லாரிப் பட்டறை வைத்திருந்தவர். ஞாயிற்றுக்கிழமை போனில் இந்தப் புலம்பலைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "லோடு தாங்கறதுக்குப் பட்டை சேக்கறது வேற, ஆக்சில் முறுக்கிக்காம புடிக்கறது வேற மாப்ள. உன் வண்டி என்ன செங்கலா ஏத்துது?" என்றார். பிறகு ஒன்று சொன்னார்: குதிக்கும்போது ஆக்சில் என்ன செய்கிறது என்று பார்க்காமல் எந்தச் சாமானையும் வாங்காதே.

லாரிக்கு அடியில் குனிந்து பார்க்கலாம், ஓடுகிற கமாரோவுக்கு அடியில் எப்படிப் பார்ப்பது? மகனுடைய ஆக்‌ஷன் கேமராவை பெட்ரோல் டேங்குக்கு முன்னால் டேப் போட்டு ஒட்டினேன். மூடிக்கிடந்த ஒரு மாலின் காலி பார்க்கிங்கில், அங்கிருந்த காவலாளியிடம் கேட்டுக்கொண்டு, மூன்று முறை அழுத்திக் கிளம்பினேன். வீட்டுக்கு வந்து மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தபோது எல்லாம் விளங்கிவிட்டது. சக்கரம் முன்னால் சுழல முயலும்போது ஆக்சில் கூடு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கிறது. அதன் மூக்கு, அதாவது புரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் இடம், மேலே எழுகிறது. பட்டையின் முன்பாதி வயிறு தள்ளுகிறது, பின்பாதி குழிகிறது, ஆங்கில எஸ் எழுத்துபோல நெளிகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் டயர் பிடியை விடுகிறது. விட்டதும் நெளிந்த பட்டை படீரென்று நிமிர்கிறது, டயர் தரையில் மோதி மறுபடி பிடிக்கிறது, மறுபடி நெளிகிறது. இதுதான் அந்தச் சம்மட்டி. தொய்வுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். ஃபோர்டின் முஸ்டாங்குக்குப் போட்டியாகச் செவர்லே 1966 செப்டம்பரில் கமாரோவை இறக்கியது. அந்த முதல் வருஷம் வந்த எல்லாக் கமாரோவுக்கும், பெரிய 396 எஞ்சின் போட்டதுக்கும்கூட, பின்னால் ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு பட்டைதான். நடுவில் தடித்து, முனைகளை நோக்கி மெலிந்துகொண்டே போகும். 1962-ல் வந்த செவர்லேயின் சின்னக் கார் செவி II-விலும் இதே ஏற்பாடுதான். குறையென்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட முடியாது. பல பட்டை அடுக்கினால் ஒன்றோடொன்று உரசும், கிறீச்சிடும், இடையில் அழுக்கும் துருவும் சேரும். ஒற்றைப் பட்டையில் அந்தத் தொல்லை இல்லை, எடையும் குறைவு, சாலையில் மெத்தென்று போகும். ஆறு சிலிண்டர் வண்டிக்கும் என் வண்டியின் பழைய 210 குதிரைக்கும் அது போதும். சக்தி கூடிய சில வண்டிகளுக்கு அந்த வருஷமே வலதுபக்கம் மட்டும் ஆக்சிலைப் பிடிக்க ஒரு தடி கொடுத்தார்கள். 1968-ல் ஷாக்குகளை ஒன்று ஆக்சிலுக்கு முன்னால், ஒன்று பின்னால் என்று மாற்றி வைத்தார்கள். ஆக்சில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒரு ஷாக் அதை எதிர்த்து நிற்கும். சக்தி மிக்க மாடல்களுக்குப் பல பட்டையும் வந்தது. ஆக, நான் செய்யப் போனது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. அடுத்த வருஷமே தொழிற்சாலை செய்ததைத்தான் நான் ஐம்பது வருஷம் தாமதமாகச் செய்தேன்.

(பெரிய எஞ்சின் போட்ட அந்தக் காலத்து எல்லா மஸில் காரிலும் பின்னால் பட்டை இருக்கும் என்று நினைக்க வேண்டாம். செவெல், ஜி.டி.ஓ. வகையறாக்களுக்குப் பின்னாலும் காயில் ஸ்பிரிங்தான். அதன் வைத்தியம் வேறு.)

சரி, எவ்வளவு விறைப்பான பட்டை? கடைக்காரர்கள் இன்ச்சுக்கு இத்தனை பவுண்டு என்று ஒரு எண் சொல்வார்கள். பட்டையை ஒரு இன்ச் அமுக்க எவ்வளவு எடை வேண்டும் என்பது அதன் அர்த்தம். நான் வாங்கியது 150 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட ஒரு ஆள் ஏறி உட்கார்ந்தால் ஒரு இன்ச் இறங்கும். 200-க்கு மேலும் கிடைத்தது, ஆசையாகவும் இருந்தது. ஆனால் எடை சுமப்பது என் பிரச்சினை இல்லையே. மாமாவின் செங்கல் ஞாபகம் வந்தது. கமாரோவின் பின்பக்கம் ஏற்கெனவே இலேசு. அங்கே விறைத்த பட்டையைப் போட்டால் காலி லாரிபோல ஒவ்வொரு குழியிலும் எகிறும், டயர் தரையை விட்டு எழும்பினால் பிடிமானமும் போகும்.

எனக்கு வேண்டியிருந்தது முன்பாதி மட்டும் நெளியாமல் நிற்பது. பல பட்டை அடுக்கின் நல்ல குணமே இதுதான். ஒரே பட்டையின் தடிமனை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்கு ஏறிவிடும், கட்டுப்படுத்த முடியாது. மெல்லிய பட்டைகளை அடுக்கினால் மொத்த விறைப்பை மிதமாக வைத்துக்கொண்டே, முன்பக்கம் அடிப்பட்டைகளை நீளமாக விட்டு, கிளிப் போட்டு ஒன்றாகக் கட்டிவிடலாம். முன்பாதி தடிபோல நிற்கும், பின்பாதி பட்டைபோல வளையும். அதனால் வாங்கும்போது பவுண்டுக் கணக்கை மட்டும் கேட்காதீர்கள். முன்பாதியில் எத்தனை பட்டை கண் (முனையில் இருக்கும் வளையம்) வரைக்கும் ஓடுகிறது, கிளிப் எங்கே இருக்கிறது என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

வாங்கிய கடை "1967 முதல் 1969 வரை அப்படியே பொருந்தும்" என்று போட்டிருந்தது. பட்டை பொருந்தும் என்பது உண்மை. ஆனால் ஒற்றைப் பட்டை வண்டியில் ஆக்சிலுக்கு அடியில் பட்டையைப் பிடித்திருக்கும் தகடு ஒரே பட்டையின் தடிமனுக்குச் செய்தது. பல பட்டை அடுக்கு அதற்குள் அடங்காது. பழைய போல்ட்டுகளும் நீளம் பற்றாது, ரப்பர் மெத்தைகளும் வேறு. அந்தத் தகட்டில்தான் ஷாக்கின் கீழ்முனையும் மாட்டுகிறது என்பதால் வெல்டு வைத்து ஒப்பேற்றுகிற விஷயமும் இல்லை. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பாதி கழற்றிய பிறகு இது தெரிந்தது. புதுத் தகடு வரும்வரை பதினோரு நாள் வண்டி அந்தரத்தில் நின்றது. ஆர்டர் போடும்போதே பல பட்டைக்கான கீழ்த்தகடு, போல்ட், மெத்தை, ஷேக்கிள் (பட்டையின் பின்முனையைப் பாடியோடு இணைக்கும் ஆடும் கொக்கி), முன்கண் பிராக்கெட் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். பட்டைக்கு அலைந்ததைவிட இந்தச் சில்லறைச் சாமான்களுக்கு அலைந்ததுதான் எனக்கு அதிகம்.

வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் நான் செய்த ஒரு நல்ல காரியம், வண்டி நான்கு சக்கரத்தில் சமதரையில் நிற்கும்போதே அளவுகளை எழுதியது. சக்கர நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு மூலையிலும், பினியன் கோணம் (ஆக்சில் மூக்கு மேலோ கீழோ எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது), கியர் பெட்டிப் பின்முனையின் கோணம். கழற்றிய பிறகு இந்த எண்களை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

மூன்று ராத்திரி தொடர்ந்து எல்லா போல்ட்டிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்தேன். அப்புறமும் ஓஹையோ உப்பு தன் வேலையைக் காட்டியது. பட்டையின் முன்கண்ணைப் பிடிக்கும் பிராக்கெட் பாடிக்குள் ஒரு பெட்டிபோன்ற இடத்தில் உட்கார்ந்திருக்கும். அதன் போல்ட்டுகள் உள்ளே கண்ணுக்குத் தெரியாத கிளிப் நட்டுகளில் ஏறும். இடதுபக்கம் மூச்சுப் பிடித்துத் திருப்பியதும் ஒன்று இளகியது என்று சந்தோஷப்பட்டேன். இளகவில்லை, உள்ளே நட்டும் சேர்ந்து சுற்றுகிறது. எவ்வளவு சுற்றினாலும் வராது. பெட்ரோல் டேங்க் அதிக தூரத்தில் இல்லை, நெருப்பு வைக்கும் பேச்சே இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர், கார் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வேலி வழியாகப் பார்த்துவிட்டு வந்தார். பின்சீட்டைத் தூக்கச் சொன்னார். மேலிருந்து அளந்து, தரைத் தகட்டில் ஸ்பேனர் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை போட்டோம். அவர் உள்ளே நட்டைப் பிடித்துக்கொள்ள, நான் கீழே படுத்துக் கழற்றினேன். பிறகு ஓட்டைக்கு மூடித் தகடு அடித்து, சீலர் பூசி, பெயின்டும் அடித்துவிட்டேன். இந்த வண்டியை வைத்திருக்கிற பலர் கடைசியில் வந்து சேரும் வழி இதுதான் என்று அவர் சொன்னார். முதலிலேயே சொல்லியிருக்கலாம், நான் கேட்கவில்லை.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். இன்னொரு பக்கத்துப் பட்டை ஆக்சிலை அதன் இடத்தில் பிடித்திருக்கும். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் ஆக்சில் ஜாக்கி மேல் உருண்டு ஆடும், திரும்ப நேராக்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும். பாடியைத் தாங்கும் ஸ்டாண்டு பட்டையின் முன்கண்ணுக்கு முன்னால் இருக்கிற உறுதியான இடத்தில் நிற்க வேண்டும், வெறும் தரைத் தகட்டில் வைத்தால் குத்திக்கொண்டு மேலே வந்துவிடும். ஆக்சிலுக்குத் தனி ஜாக்கி. அதை இறக்கும்போது பாடியிலிருந்து ஆக்சிலுக்கு வரும் பிரேக் ஹோஸ் மேல் ஒரு கண் இருக்கட்டும். ஆக்சில் தன் பாட்டுக்குத் தொங்கினால் அந்த ஒரு ஹோஸ்தான் எடையைத் தாங்கும், உள்ளே கிழிந்தால் வெளியே தெரியாது.

புதுப் பட்டையைத் தூக்கி மாட்டும்போது, நடு போல்ட்டின் தலை ஆக்சிலின் இருக்கையில் இருக்கும் குழிக்குள் சரியாக உட்கார்ந்ததா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கீழ்த்தகட்டை ஏற்ற வேண்டும். அரை இன்ச் தள்ளி உட்கார்ந்தாலும் போல்ட் என்னவோ இறுகத்தான் செய்யும். வண்டிதான் நண்டுபோலப் போகும்.

அடுத்த தப்பு இதைவிட நாசூக்கானது. எல்லாவற்றையும் மாட்டி, வண்டி அந்தரத்தில் இருக்கும்போதே முன்கண் போல்ட்டையும் ஷேக்கிளையும் டார்க் ரெஞ்ச் வைத்து ஒழுங்காக முறுக்கிவிட்டேன். இறக்கிப் பார்த்தால் பின்பக்கம் ஆட்டுக்கடா மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. "இதுக்குத்தான் ரெண்டு வாரமா?" என்று மனைவி கேட்டாள். ஓட்டினால் ஒவ்வொரு வேகத்தடையிலும் முனகல். காரணம் பட்டையின் கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் உருளை, அதாவது ரப்பர் புஷ். அது பேரிங்போலச் சுழலாது, தானே முறுகிக்கொடுக்கும். பட்டை தொங்கும் நிலையில் அதை இறுக்கினால் அந்த நிலையே அதற்கு ஓய்வு நிலையாகிவிடும். வண்டி தரையில் நிற்கும்போதெல்லாம் அது முறுகியபடியே இருக்கும், சீக்கிரம் கிழியும். சரியான முறை, போல்ட்டுகளைக் கையிறுக்கமாக மட்டும் விட்டு, வண்டியின் முழு எடையும் சக்கரத்தில் இறங்கிய பிறகு, முன்னும் பின்னும் பத்தடி உருட்டி, டிக்கியை நாலு முறை அமுக்கிவிட்டுக் கடைசி முறுக்கு கொடுப்பது. மறுநாள் எல்லாவற்றையும் தளர்த்தி அப்படிச் செய்தேன். முக்கால் இன்ச் இறங்கிவிட்டது, முனகலும் போயிற்று. பாலியூரிதேன் புஷ் போட்டிருந்தால் இந்தப் பாடு இல்லை என்பார்கள். ஆனால் அது கிரீஸ் காய்ந்தால் கிளிபோலக் கத்தும், சாலையின் ஒவ்வொரு நடுக்கத்தையும் உள்ளே அனுப்பும். தெருவில் ஓட்டுகிற வண்டிக்கு எனக்கு ரப்பர்தான் பிடிக்கிறது.

இறக்கிய பிறகு ஷேக்கிளையும் பார்க்க வேண்டும். வண்டி எடையில் நிற்கும்போது அதன் கீழ்முனை சற்றுப் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். பட்டை நிமிரும்போது நீளும், அதற்கு இடம் கொடுப்பதே ஷேக்கிளின் வேலை. என்னுடையது முதலில் செங்குத்தாக நின்றது. 500 மைல் ஓடி பட்டை படிந்த பிறகு சாய்ந்தது.

குதிப்பு அனேகமாக நின்றுவிட்டது. ஆனால் 60 மைல் வேகத்தில் இருக்கைக்கு அடியில் ஒரு மெல்லிய நடுக்கம் புதிதாக வந்தது. பட்டையின் வளைவு மாறியதில் பினியன் மூக்கு 2 டிகிரி மேலே பார்த்துக்கொண்டிருந்தது. பட்டை வண்டியில் சக்தி கொடுக்கும்போது மூக்கு எப்படியும் எழும். அதனால் நிற்கும்போது ஷாஃப்டின் நேர்க்கோட்டைவிட இரண்டு மூன்று டிகிரி கீழே பார்க்கும்படி வைப்பது வழக்கம். ஆக்சில் இருக்கைக்கும் பட்டைக்கும் நடுவில் ஆப்பு வடிவத் தகடு வைத்துத் திருத்தலாம். அலுமினிய ஆப்பும் விற்கிறார்கள், அது நசுங்கும் என்பதால் இரும்பே வாங்கினேன். கமாரோவில் ஆக்சில் பட்டைக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது, அதனால் மூக்கைத் தாழ்த்த ஆப்பின் தடித்த பக்கம் பின்னால் வர வேண்டும். நான் முன்னால் வைத்து மாட்டினேன். நடுக்கம் இரண்டு மடங்கானது. ஒரு சனிக்கிழமை அதற்கே போயிற்று.

குதித்த வண்டியைச் சரிசெய்ய நான் கடைசியாகத் தொட்டது முகப்பு விளக்கு என்றால் சிரிப்பீர்கள். பின்பக்கம் உயர்ந்ததால் வெளிச்சம் பம்பருக்கு முன்னாலேயே விழுந்துகொண்டிருந்தது. கராஜ் சுவரில் டேப் ஒட்டி அதையும் நிமிர்த்தினேன். முதல் 500 மைலுக்குப் பிறகு கீழ்த்தகட்டு நட்டுகளில் மறுபடி ரெஞ்ச் வைத்தபோது எட்டு நட்டில் ஐந்து நட்டுகள் ஆளுக்குக் கால் சுற்று ஏற்றுக்கொண்டன. ரப்பர் மெத்தை படிந்துவிட்டது என்று அர்த்தம். விட்டிருந்தால் ஆக்சில் ஆடத் தொடங்கியிருக்கும்.

அதே காலி பார்க்கிங்கில், அதே கேமரா. ஆக்சில் மூக்கு கொஞ்சம் எழுந்து அங்கேயே நிற்கிறது. டயர் கீச்சென்று ஒரே சீராகக் கத்துகிறது. அந்தச் சத்தம் இவ்வளவு இனிமையாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. விலையும் கொடுத்திருக்கிறேன். கான்கிரீட் ஹைவேயின் ஒவ்வொரு இணைப்பும் இப்போது முதுகில் எண்ணிக்கை சொல்கிறது. ஒற்றைப் பட்டையின் அந்த மெத்தென்ற போக்கு போனது போனதுதான். நான் குறைபட்டுக்கொள்ளவில்லை, மனைவி குறைபட்டுக்கொள்கிறாள்.

ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை டெட்ராய்ட் பக்கத்து வுட்வர்டு அவென்யூவில் டிரீம் குரூஸ் என்ற பழைய கார் அணிவகுப்பு. 1995-லிருந்து, 2020 தவிர, வருஷாவருஷம் ஃபெர்ன்டேலிலிருந்து பான்டியாக் வரை பழைய வண்டிகளாக நிறையும். அறுபதுகளில் பையன்கள் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் விட்ட அதே சாலை. நானும் போனேன். வண்டிகள் நெருக்கி நின்றதில் அன்று முழுக்க முதல் கியரைத் தாண்டவில்லை, ஒரு இடத்தில்கூட அழுத்திக் கிளம்ப வாய்ப்பில்லை. புதுப் பட்டைக்கு அன்று வேலையே இல்லை.

படங்களை மாமாவுக்கு அனுப்பினேன். வண்டியின் அழகைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கராஜ் மூலையில் சாய்த்து வைத்திருந்த பழைய ஒற்றைப் பட்டைகளைத்தான் கவனித்திருக்கிறார். "அத என்ன பண்ணப்போற மாப்ள? ஊருக்கு எடுத்துட்டு வா, நம்ம ஆசாரிகிட்டக் குடுத்தா நாலு அருவா அடிச்சுக் குடுப்பாரு" என்றார். நாலடிக்கு மேல் நீளமுள்ள இரும்பை எந்த விமானத்தில் ஏற்றுவது என்று கேட்டேன். வெட்டி எடுத்துட்டு வர வேண்டியதுதானே என்கிறார்.